கூரை எட்டாத சுவர்

எனக்கு எழுபத்தேழு வயது. ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்கும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. போன வாரம் பேத்தி வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். "தாத்தா, ஜெபிக்கிறீங்களா, தூங்கிட்டீங்களா?" என்றாள். ஜெபிக்கிறேன் என்றேன். "அப்ப ஏன் சத்தமே இல்ல? சபையில எல்லாரும் சத்தமாத்தானே ஜெபிக்கிறாங்க?"

பிள்ளை கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்வதானால் ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சுவர் இடிந்துபோய்விட்டது. அது நின்ற இடத்தில் யாரோ கோவா நட்டிருக்கிறார்கள்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. முன்வரிசையில் பத்து, பின்வரிசையில் பத்து என்று இருபது காம்பரா கொண்ட பழைய லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். அங்கிருந்து தகரக் கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. அடுப்புப் புகை அந்த வழியாகத்தான் லயம் முழுக்கச் சுற்றும். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். கிழவர்களின் இருமல், கைப்பிள்ளையின் அழுகை, புருஷன் பெண்சாதி சண்டை, சண்டை முடிந்த பிறகு வரும் தேம்பல், எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். கேட்டதைக் கேட்காதவர்போல் விடிந்ததும் முகம் பார்த்துச் சிரித்துவிட்டு மலைக்குப் போவார்கள். அதுதான் லயத்து மரியாதை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரிந்திருந்தது.

படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்குத்தான் தெரியவில்லை.

நான் பிறந்தது 1948ல். எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் அதே வருடத்தில்தான் வந்தது. ஹட்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு, நான் அரிச்சுவடி படித்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்தேன். அன்றைக்குத் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத்துப் பொறுப்பில் இருந்தன. அரசாங்கம் அவற்றை வரிசையாக ஏற்றுக்கொண்டது எழுபதுகளின் கடைசியில்தான். ஒரு மண்டபம், ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். வாத்தியார் என்றாலும் குடியிருந்தது அப்பாவின் காம்பராவில்தான்.

எங்கள் வீடு மாரியம்மனைக் கும்பிட்ட வீடு. மாசியில் காமன் ஊன்றிவிட்டால் அப்பாவுக்குச் சோறு தண்ணீர் நினைவிருக்காது. கூத்து முடிகிற வரைக்கும் அவர் ராத்திரியில் வீட்டில் இருந்ததில்லை. 1970ல் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது ஒரு வயதான உபதேசியார் வந்தார். ஐந்து மைல் நடந்து வருவார். வந்து பக்கத்தில் பலகைக்கட்டையில் உட்கார்ந்திருப்பார். வாய் உலர்ந்தால் துணியை நனைத்து உதட்டில் வைப்பார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. போகும்போது நெற்றியில் கை வைத்துவிட்டுப் போவார். எனக்கு விசுவாசம் வந்தது அந்தக் கையிலிருந்து. 1971ல் ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மட்டும், "உன்னைப் பிழைக்க வச்ச சாமி, கும்பிட்டுக்க" என்றாள்.

அந்த உபதேசியார் ஒரு நீண்ட வரிசையின் கடைசி ஆள். 1854ல் கண்டியில் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று தொடங்கினார்கள். 'கூலி' என்ற சொல் பின்னால் எடுபட்டுவிட்டது. அந்த நாளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக, மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசினார்கள். அவர்களில் பலர் நம் ஆட்களோடு காய்ச்சலில் கிடந்தவர்கள். கல்லில் கட்டிய கோயில்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கால்கள்தான் ஞாபகம் வரும்.

கை பிடித்து வந்த விசுவாசம் என்னிடம் வந்து ஒரு வருடத்தில் வாயாகிவிட்டது. கோயில் பொங்கலைத் தொடமாட்டேன். தொடாமலிருப்பது என் விருப்பம், அதோடு விட்டிருக்கலாம். விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் மூன்று அதிகாரங்கள் செலவழிக்கிறார்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய மனது நோகக்கூடாது என்பதே அவருக்குப் பெரிய கவலை. நான் அதை வாசித்துவிட்டு, கொண்டுவந்தவர்களின் முகத்துக்கு நேரே தட்டைத் தள்ளிவைத்தேன். வெள்ளிக்கிழமை அம்மா திருநீறு பூசியிருப்பாள். "அதை அழித்துவிட்டுச் சோறு போடு" என்பேன். அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போடுவாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு உள்ளே போய் மறுபடியும் பூசிக்கொள்வாள். இதை வாரா வாரம் செய்தாள், ஒரு சொல் சொன்னதில்லை. அந்த முந்தானை அசைவை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் டிவிஷனில் கவ்வாத்துக்கு அவரைப்போல் கை கிடையாது. ஒரே வீச்சில் சாய்வாக வெட்டு விழும், பட்டை கிழியாது. சாயங்காலமானால் தவறணைக்குப் போவார். சம்பள நாளில் அத்தை தவறணை வாசலில் போய் நிற்பாள். சில ராத்திரி அவரைக் கானிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். சத்தம் போடமாட்டார், யாரையும் அடித்ததில்லை. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். ஏன் குடிக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்குவரை எனக்கு அது தெரியாது.

கேட்காத நான் அவருக்காக ஜெபித்தேன், தினமும் ராத்திரி, முழங்காலில் நின்று, உரத்த குரலில். "ஆண்டவரே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிக்கு அடிமையாகிக் கிடக்கிற இந்த மகனைப் பாரும்" என்று தொடங்கி, அவர் பெயரைச் சொல்லி, நேற்று எந்தக் கானில் விழுந்து கிடந்தார், அத்தையின் தோடு எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, பிள்ளைகள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள், ஒன்றுவிடாமல் சொல்வேன். ஆண்டவருக்குத் தெரியாததைப்போல! நான் தொடங்கியதும் லயம் அடங்கிவிடும். பேச்சு நிற்கும், பாத்திரம் உருளும் சத்தம் நிற்கும். ஆவியானவர் இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருபது காம்பரா ஆட்களும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. கேட்காததுபோல் இருக்க அவர்களுக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டேன்.

ஒருநாள் காலையில் பீலிக்கரையில் அத்தை குடத்தை வைத்துவிட்டு நின்றாள். "தம்பி, ஒங்க சாமிகிட்ட நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. புள்ளைங்களுக்குக் கேக்குது."

அவளுக்கு நான் வேத வசனம் சொல்லி அனுப்பினேன். என்ன வசனம் என்பது மறந்துவிட்டது. அவள் குடத்தைத் தூக்கும்போது தண்ணீர் தளும்பித் தோளில் ஊற்றியது மறக்கவில்லை.

அந்த வீட்டு மூத்த பையன் என் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். வயது பன்னிரண்டு. மனக்கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. சம்பள நாளில் பெரியவர்கள் அவனிடம் சீட்டைக் கொடுத்து, எத்தனை நாள் பேர், எத்தனை ராத்தல் கூடுதல் கொழுந்து, என்ன பிடித்திருக்கிறார்கள் என்று சரிபார்ப்பார்கள். அவனை ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று நானே துரையிடம் பேசியிருந்தேன். 1973ல் ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று, என் குரலிலேயே, என் ஜெபத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தேடிப் போனேன். லயத்துக் கோடியில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு வா என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்: "வந்தா வகுப்புலயும் அப்பாவுக்காக ஜெபிப்பீங்களா ஐயா?"

அந்த மாதக் கடைசியில் அவன் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்தேன். திருந்தியதால் குறைக்கவில்லை, பையனின் கேள்வி தொண்டையில் அடைத்துக்கொண்டதால் குரல் எழவில்லை. உள்ளுக்குள், நான் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது என்றே வாதாடிக்கொண்டிருந்தேன்.

1974 வந்தது. அந்த வருடத்தைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி இல்லை, மா இல்லை, கூப்பன் இருந்தாலும் கடையில் சாமான் இல்லை. தோட்டங்களில் சாவு கூடிப்போன வருடம் அது. காலை இறைவணக்கத்தில் பிள்ளைகள் கால் மடங்கி விழுவார்கள். நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவர்களை உட்கார வைத்துக் கதை சொன்னேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. வாத்தியார் வீட்டில் எப்படியும் ஏதாவது இருக்கும் என்று லயம் நினைத்தது. அம்மா வெறும் அடுப்பை மூட்டிப் புகைய விடுவாள், பக்கத்தில் தெரியாமலிருக்க.

ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தோம். குழந்தை பசியில் அழுது அழுது சத்தம் கம்மிப் போயிருந்தது. சுவருக்கு மேலே ஏதோ உரசுகிற சத்தம். எழுந்து பார்த்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கம்பு மெல்ல நீண்டு வருகிறது. நுனியில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தேன். அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஆவி அடங்கவில்லை. ஒரு இலைத்துண்டில் உப்பும் இடித்த கொச்சிக்காயும். நான் அவிழ்த்ததும் கம்பு உள்ளே போய்விட்டது. ஒரு செருமல்கூட இல்லை.

காலையில் மாமா இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "குளிரு ஜாஸ்தி, வாத்தியாரே" என்றார். வேறு பேச்சில்லை.

அப்படி ஐந்தாறு ராத்திரி வந்தது. வாசல் வழியாகக் கொடுத்திருந்தால் லயம் பார்த்திருக்கும், வாத்தியார் வீடும் பட்டினி என்று தெரிந்திருக்கும். எல்லாம் எல்லோருக்கும் கேட்கிற அந்த லயத்தில் இது மட்டும் ஒரு காதுக்கும் போகவில்லை. எந்த வழியாக நான் அவருடைய மானத்தை ராத்திரி ராத்திரி வெளியே வீசினேனோ, அதே வழியாகத்தான் கிழங்கு வந்தது. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கிழங்கு யாருடைய பங்கிலிருந்து குறைந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம் உபதேசியார் வந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வைவார் என்று எதிர்பார்த்தேன். லூக்கா பதினெட்டை எடுக்கச் சொன்னார். ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இரண்டு பேர், பரிசேயன் ஒருவன், ஆயக்காரன் ஒருவன். நான் பத்துத் தடவை பிரசங்கித்த உவமை. "இதுல பரிசேயன் சொன்னதில எது பொய், சொல்லுங்க தம்பி" என்றார்.

தேடிப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் என்கிறான். நியாயப்பிரமாணம் கேட்டது வருடத்தில் ஒரு நாள்தான். கேட்டதற்கு மேலேயே செய்கிறான். எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுக்கிறான். கொள்ளைக்காரன் இல்லை, விபசாரக்காரன் இல்லை. ஒரு பொய்யும் இல்லை என்றேன். "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். வேறு விளக்கம் தரவில்லை.

அவர் இந்த உவமையை லயங்களில் சொல்கிற விதம் தனி. ஆயக்காரன் என்றால் நம் ஆட்களுக்குப் புரியாது என்று, "துண்டு எழுதின பெரிய கங்காணி" என்பார். கங்காணி இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வருவார், வழிச்செலவைக் கடனாக எழுதுவார், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்குவார். கடன் தீராதவன் தோட்டம் மாற முடியாது. அவனை இன்னொரு தோட்டத்துக்கு விற்பதுபோல் கடன் தொகையை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. 1921ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் கிழவர்களுக்கு எழுபதுகளிலும் முகம் கறுக்கும். ரோமனுக்காகச் சொந்த ஜனங்களிடம் வரி பிடுங்கிய ஆயக்காரன் யூதர்களுக்கு அப்படித்தான் இருந்திருப்பான். அந்தக் கங்காணி கோயில் கோடியில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான், அவன்தான் நீதிமானாக வீட்டுக்குப் போனான் என்று உபதேசியார் முடிக்கும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். அப்படி ஒருவர் எழுந்து போனால்தான் கதை புரிந்தது என்று அர்த்தம் என்பார்.

பொய் இல்லாத ஜெபத்தில் என்ன கெட்டுப்போனது என்பதை நான் வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் மாமா மறுத்திருப்பார், அத்தை சண்டைக்கு வந்திருப்பாள், பையன் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பான். உண்மையாக இருந்ததால் அவர்களுக்கு வாயில்லாமல் போயிற்று. நான் ஆண்டவரிடம் பேசவே இல்லை. ஆண்டவரைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு லயத்திடம் பேசினேன். நான் குடிக்காதவன், நான் இரட்சிக்கப்பட்டவன், என்னைப் பாருங்கள் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமாவின் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மலையகத்தில் சபைகள் நிறைய. குடியில் அழிந்த குடும்பங்கள் சபைக்கு வந்து எழும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் ஜெப விண்ணப்பம் வாசிக்கும்போது, இன்னார் வீட்டு இன்னாருக்குக் குடியிலிருந்து விடுதலை வேண்டும் என்று கேட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போய்ச் சொல்வேன்: "தம்பி, பேரை மட்டும் மனசுக்குள்ள வச்சுக்கங்க." சிலர் கேட்கிறார்கள். சிலர், விசுவாசத்தில் குளிர்ந்துபோன கிழவன் என்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். புறஜாதியார் என்ற சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும்போதும் அப்படித்தான் கூசுகிறது. கிழங்கு அவித்துக் கொடுத்தவருக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1976ல் அவருடைய முறை வந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். ஏறுகிறவனும் அழுவான், ஏற்றிவிட வந்தவனும் அழுவான், மேடை முழுக்கத் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம். நான் அவர்களுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்கு வாக்கியம் சேர்த்துக்கொண்டே நடந்தேன்.

ஜன்னலோரம் போய் நின்றதும் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. மாமா, என்று மட்டும் வந்தது. அவர் கையை வெளியே நீட்டி என் தலையில் வைத்தார். காய்த்துப்போன கவ்வாத்துக்காரன் கை. "எனக்காகச் சொல்ற ஜெபத்த நிப்பாட்டிடாதீங்க வாத்தியாரே" என்றார். அந்தக் கூச்சலில் அவர் குனிந்து காதருகே சொன்னதால்தான் கேட்டது. "மெதுவாச் சொல்லுங்க, போதும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூத்தவன் எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பதினைந்து வயது, புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்டிருக்க வேண்டும், அவன் தோள் அசைந்தது. கோச்சி நகர்ந்து ரொசல்லைப் பக்கத்து வளைவில் மறைகிற வரைக்கும் அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.